அந்த வசனம் யோபு சொன்னதல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் ஆன்மிகப் பக்கத்தில் குறள், திருமந்திரம், குர்ஆன், பைபிள் என்று நாளுக்கு ஒன்றாகப் பெட்டி கட்டிப் போடுகிறீர்கள். சென்ற வாரம் பைபிளின் முறை வந்த அன்று, "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்" என்ற வசனத்தைப் போட்டு, அடியில் 'யோபு' என்று மட்டும் அச்சிட்டிருந்தீர்கள். புத்தகத்தின் பெயர் யோபு என்பது சரிதான். ஆனால் படிக்கிறவர் யோபுதான் அப்படிச் சொன்னார் என்று எடுத்துக்கொள்வார். எங்கள் மார்க்கெட் டீக்கடையில் அன்று ஒருவர் "யோபு என்ன சொல்றாருன்னா..." என்று ஆரம்பித்துத்தான் உரக்க வாசித்தார்.

அது யோபு சொன்னதல்ல. யோபுவைத் தேற்ற வந்த மூன்று சிநேகிதர்களில் ஒருவனான பில்தாத் சொன்னது. 8ஆம் அதிகாரம், 7ஆம் வசனம். அதற்குக் கொஞ்சம் முன்னால் 4ஆம் வசனத்தைப் பாருங்கள். பெருங்காற்றில் வீடு இடிந்து விழுந்து பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த தகப்பனான யோபுவைப் பார்த்து, உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதற்கான தண்டனையைக் கடவுள் கொடுத்திருப்பார் என்று அதே ஆள் பேசுகிறான். நீ சுத்தமாக இருந்தால் உன் முடிவு நன்றாக இருக்கும் என்பது அந்தப் பேச்சின் பின்பாதி. அந்தப் பின்பாதியைத்தான் நாம் வெட்டி எடுத்துச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்.

இதைவிட முக்கியமானது கடைசி அதிகாரத்தில் இருக்கிறது. கடவுள் அந்தச் சிநேகிதர்களைப் பார்த்து, "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை", அதாவது சரியானதைப் பேசவில்லை, என்று கோபிக்கிறார். 42ஆம் அதிகாரம், 7ஆம் வசனம். கடவுளே தள்ளுபடி செய்த பேச்சிலிருந்து ஒரு வரியை எடுத்து நீங்கள் வாக்குத்தத்தமாக, அதாவது கடவுள் தரும் வாக்குறுதியாகப் போட்டுவிட்டீர்கள். உங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தட்டில் வைத்து நீட்டுகிற வாக்குத்தத்த அட்டைகளில் இந்த வசனம் எந்த வருடமும் தவறாமல் இருக்கும். புதுக்கடை திறந்தால் சுவரில் இருக்கும். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் வரும்.

இதைச் சொல்ல ஒரு தபால் கார்டு போதுமே, இத்தனை பக்கம் எதற்கு என்று நினைப்பீர்கள். அந்த அட்டை எங்கள் வீட்டுப் பீரோக் கதவிலும் ஒட்டியிருக்கிறது. அதனால்தான்.

நான் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன். திருமங்கலம், கள்ளிக்குடி, உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயிகள் விடியுமுன் பறித்த மல்லியை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். எடை, விலை, கமிஷன், வாங்கிய முன்பணத்தில் பிடித்தம் எல்லாம் சிட்டையில் ஏறுவது என் கையால். பூவில் தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்தால் எடை கூடும். கையை உள்ளே விட்டு அள்ளினால் தெரிந்துவிடும். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்கிற நீதிமொழிகள் புத்தகம் இந்தத் தொழிலில் இருப்பவனுக்குப் பக்கத்துக் கடைக்காரர் பேசுவது மாதிரியே இருக்கும்.

அந்தப் புத்தகத்தில் 31 அதிகாரங்கள். தேதிக்கு ஒன்றாக வாசிப்பது எங்கள் அப்பா காலத்து வழக்கம். முப்பது நாள் மாதத்தில், குணசாலியான ஸ்திரீயைப் பற்றிய கடைசி அதிகாரம் விடுபட்டுப் போகும். "லீவு விடுறதுலயும் எங்களுக்கு மட்டுந்தானா?" என்று என் மனைவி கேலி செய்வாள். அவள் கேலி செய்யாத விஷயம் குறைவு. 26ஆம் அதிகாரத்தில் 4ஆம் வசனம், மூடனுக்கு அவன் போக்கில் பதில் சொல்லாதே என்கிறது. 5ஆம் வசனம், பதில் சொல் என்கிறது. "ரெண்டுல எது?" என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "அது எந்த மூடன்ங்கறதைப் பொறுத்தது" என்றாள். இதைவிட நல்ல வியாக்கியானத்தை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு பங்குனிக் காலையில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் இடது பக்கம் அடைப்பு. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. கால் ஓரளவு திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. ஆனால் பாட்டு வரும். தண்ணீர் வேண்டும் என்று சொல்ல வராதவள், கீர்த்தனையின் சரணத்தை அடி பிசகாமல் பாடுவாள். பாடி முடித்ததும் தன் வாயையே சந்தேகமாகத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். பேச்சுக்கு மூளையின் இடது பக்கம்தான் ஆதாரம், பாட்டுக்கு வலது பக்கமும் கைகொடுக்கும், அதனால் நிறையப் பேருக்கு இப்படி நடக்கும் என்று பயிற்சி கொடுத்த பெண் விளக்கினாள். விளக்கம் புரிந்தது. ஏன் என் வீட்டில் என்பதற்கு அதில் பதில் இல்லை.

அந்த வருடம் ஆராதனையில் அவள் எடுத்த அட்டைதான் பீரோவில் இருப்பது.

சபையார் வந்தார்கள். சாப்பாடு கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியில் ராத்திரி துணைக்கு உட்கார்ந்தார்கள். அந்தக் கடனை என்னால் தீர்க்க முடியாது, தீர்க்கவும் விரும்பவில்லை. ஆனால் வாய் திறந்தால் வசனம்தான் வந்தது. சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்று ஒருவர். திராணிக்கு மேல் சோதிக்கமாட்டார் என்று இன்னொருவர். தூரத்து உறவினர் ஒருவர் என்னைத் தனியாக மாடிப்படிப் பக்கம் அழைத்துப் போய், "வீட்டுல ஏதாச்சும் மறைவான பாவம் இருக்கான்னு ஆராய்ஞ்சு பாருங்கண்ணே" என்றார். உண்மையில் அக்கறையோடுதான் சொன்னார். பில்தாத்தும் அக்கறையோடுதான் சொல்லியிருப்பான் என்று இப்போது தோன்றுகிறது.

அதன் பிறகு எனக்கு நீதிமொழிகள் ஓடவில்லை. நீதிமானுக்கு இன்னது கிடைக்கும், துன்மார்க்கனுக்கு இன்னது நேரும் என்று வரிக்கு வரி எழுதியிருப்பது பொய் என்று நான் சொல்லமாட்டேன். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. தண்ணீர் தெளிக்கிறவன் ஒருநாள் மாட்டிக்கொள்கிறான். ஆனால் 'பெரும்பாலும்' என்பதற்கு வெளியே விழுந்தவர்களும் இருக்கிறார்களே. அவர்களுக்காகத்தான் நீதிமொழிகளோடு யோபுவையும் பிரசங்கியையும் ஒரே கட்டில் தைத்து வைத்திருக்கிறார்களோ என்னவோ. நன்மை செய்தால் நன்மை வரும் என்று ஒரு புத்தகம் சொல்கிறது, எனக்கு வரவில்லையே என்று அடுத்தது கேட்கிறது, எல்லாருக்கும் சமயமும் தேவச்செயலும்தான் நேரிடுகிறது என்று மூன்றாவது முணுமுணுக்கிறது. மூன்றும் வேதம்தான். ஒன்றை மட்டும் தினம் வாசித்துக்கொண்டிருந்ததால் மற்ற இரண்டும் என் கண்ணில் படவில்லை.

யோபு புத்தகத்தை எடுத்தேன். 42 அதிகாரங்கள். விளக்கு வைத்த பிறகு, என் அக்கா சமையலறையை ஒதுக்கி முடித்ததும், ராத்திரிக்கு ஓர் அதிகாரம் என்று என் மனைவிக்கு உரக்க வாசித்தேன். அவளுக்குப் பேச வராதே தவிர, கேட்பதெல்லாம் விளங்கும். பிடித்தால் இடது கையைத் தூக்குவாள், திரும்ப வாசி என்று அர்த்தம். பிடிக்காவிட்டால் கண்ணை மூடித் தூங்குவது மாதிரி நடிப்பாள். இமை துடிப்பதில் தெரிந்துவிடும். சிநேகிதர்கள் பேசுகிற அதிகாரங்கள் எல்லாவற்றுக்கும் அவள் தூங்கினாள். 8ஆம் அதிகாரத்தில், அட்டையில் இருக்கிற அந்த வசனம் வந்தபோதும் கண்ணைத் திறக்கவில்லை. யோபு திருப்பிப் பேச ஆரம்பித்தால் விழித்துக்கொள்வாள். "நான் பிறந்த நாள் அழிக" என்ற தொனியில் அவன் சபிக்கிற 3ஆம் அதிகாரத்தை மூன்று தடவை வாசிக்க வைத்தாள். பக்கத்து அறையிலிருந்து என் அக்கா, "ராத்திரி நேரத்துல இதையா வாசிப்பே? நல்லதா நாலு சங்கீதம் வாசிடா" என்றாள். சங்கீதம் என்று அவள் சொன்னது பைபிளின் பாட்டுப் புத்தகத்தை. சரிக்கா என்று சொல்லிவிட்டு, இதையே மெதுவாக வாசித்தேன்.

2ஆம் அதிகாரத்தில் யோபுவின் மனைவி வருகிறாள். தேவனைத் தூஷித்து ஜீவனை விடும் என்கிறாள். அந்த ஒரு வசனத்தோடு சரி, பிறகு அவள் பேச்சே இல்லை. பிரசங்கங்களில் அவளுக்குக் கிடைக்காத வசவு இல்லை. செத்தது அவள் பெற்ற பிள்ளைகளும்தானே? அவளைத் தேற்ற எந்த ஊரிலிருந்து எந்தச் சிநேகிதி வந்தாள்? புத்தகம் அதைச் சொல்லவில்லை. அந்த இடத்தில் என் மனைவி கையைத் தூக்கினாள். நானும் திரும்ப வாசித்தேன்.

கடைசி அதிகாரம் ஒரு கணக்குப்பிள்ளையைச் சும்மா விடாது. முதல் அதிகாரத்தில் ஆடு 7000, ஒட்டகம் 3000, ஏர்மாடு 500, கழுதை 500. முடிவில் ஆடு 14000, ஒட்டகம் 6000, ஏர்மாடு 1000, கழுதை 1000. எல்லாம் சரியாக இரட்டிப்பு. பிள்ளைகள்? முதலில் ஏழு மகன், மூன்று மகள். முடிவிலும் ஏழு மகன், மூன்று மகள். இங்கே மட்டும் ஏன் இரட்டிப்பு இல்லை என்று எங்கள் ஆயரிடம் கேட்டேன். அரசரடி இறையியல் கல்லூரியில் படித்தவர், கேள்வி கேட்டால் முகம் சுளிக்காதவர். "மாடு செத்தால் போச்சு. பிள்ளைகள் கடவுளிடத்தில் உயிரோடு இருக்கிறார்கள். அந்தப் பத்தையும் சேர்த்தால் இருபது. பழைய காலத்திலிருந்தே இப்படி ஒரு விளக்கம் உண்டு" என்றார். கணக்கு டேலி ஆகிறது. வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். அவள் கையைத் தூக்கவுமில்லை, கண்ணை மூடவுமில்லை. ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அந்தப் பதில் பாதிதான் போகிறது.

பில்தாத் சொன்னது கடைசியில் பலித்துவிட்டதே என்று நீங்கள் கேட்கலாம். யோபுவின் முடிவு உண்மையில் சம்பூரணமாகத்தான் ஆனது. இதை நானும் யோசிக்காமலில்லை. வார்த்தை பலித்தும், சொன்னவன்மேல் கடவுளுக்குக் கோபம் தீரவில்லை. பலி செலுத்து, யோபு உனக்காக ஜெபம் பண்ணட்டும் என்கிறார். சரியான வரியை, தப்பான வீட்டில், தப்பான நாளில் சொல்வதும் குற்றக்கணக்கில் வரும் என்று நான் புரிந்துகொள்கிறேன். அந்த மூன்று பேரும் முதலில் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்களே, அதோடு ஊருக்குத் திரும்பியிருந்தால் இன்றைக்கு அவர்கள் பெயரில் நாட்டில் எத்தனை கோயில் இருக்கும்!

எங்கள் கடைக்குப் பூ போடும் உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் இருக்கிறார். கருப்பசாமி கும்பிடுகிறவர். ஒரு வருடம் பறிப்பு நேரத்தில் மழை விட்டுவிட்டுப் பெய்து மொட்டெல்லாம் கெட்டுப்போனது. இரண்டு மூட்டை வரவேண்டிய இடத்தில் ஒரு பையோடு வந்தார். "கோயில்ல நின்னு கருப்பனை நாலு வார்த்தை நல்லாக் கேட்டுட்டுத்தான் வர்றேன், கணக்கரே. நீங்க எப்படி? வீட்டுல இம்புட்டு நடந்தும் வாயைக் கட்டிக்கிட்டு ஸ்தோத்திரம்கிறீங்க. உங்க சாமி கோவிச்சுக்குமா?" என்றார். சிட்டையைப் பார்த்துக்கொண்டே சிரித்து மழுப்பினேன். ஆனால் நியாயமான கேள்வி. சபையில் "ஏன் ஆண்டவரே?" என்று ஒருவர் சத்தமாக ஜெபித்தால், விசுவாசம் தளர்ந்துவிட்டது என்று பக்கத்தில் இருப்பவர் தோளைத் தட்டுவார். 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்ட முறையீடுதான் என்று ஆயர் சொன்னார். நாம் பாடுவது மற்ற இரண்டு பங்கிலிருந்து. 23ஆம் சங்கீதம் தெரியாத கிறிஸ்தவ வீடு இல்லை. அதற்கு முந்தின 22, "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று தொடங்குகிறது. இயேசு சிலுவையில் சொன்ன வார்த்தை. வருடத்தில் ஒருநாள், பெரிய வெள்ளிக்கிழமை மட்டும், நமக்கு அது ஞாபகம் வரும்.

ஜெபத்தைப் பற்றி எனக்கு மார்க்கெட்டிலேயே ஒரு சிக்கல் உண்டு. மார்கழி, தை பனியில் மல்லி வரத்து குறைந்து கிலோ ஆயிரம், இரண்டாயிரம் என்று ஏறும். அன்றைக்குப் பூ வைத்திருக்கும் விவசாயி கண்ணில் நீர் வர நன்றி சொல்வார். அதே நாள் மகள் கல்யாணத்துக்கு மாலைக்கும் சரத்துக்கும் வாங்க வந்த தாய், விலை இறங்காதா என்று வேண்டிக்கொண்டு நிற்பாள். சீசனில் தலைகீழ், விலை சரிந்து மிச்சப் பூ சென்ட் ஃபேக்டரிக்குப் போகும். இரண்டு பேருடைய கணக்கும் ஒரே சிட்டையில் என் கையெழுத்தில் இருக்கிறது. யார் ஜெபத்தை அவர் கேட்டார்? நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் மழை பெய்யப்பண்ணுகிறார் என்று இயேசு சொன்னதை இதற்குப் பதிலாகச் சொல்லலாம். அது பதில்தான். ஆனால் மொட்டு கெட்டுப்போனவரிடம் அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

அப்படியானால் உனக்கு விசுவாசம் இருக்கிறதா இல்லையா என்று கேட்பீர்கள். மாற்கு 9ஆம் அதிகாரத்தில் நோயாளிப் பிள்ளையின் தகப்பன் அழுதுகொண்டே, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்கிறான். ஒரே வாயில் இரண்டும். இயேசு அவனை, முதலில் ஒரு முடிவுக்கு வா என்று திருப்பி அனுப்பவில்லை. என் நிலைமையும் அதேதான். வாசிப்பை விடவில்லை. யோபு முடிந்து, புலம்பல், ஆபகூக், பிரசங்கி என்று போய்க்கொண்டிருக்கிறோம். நீதிமொழிகளுக்கும் திரும்பினோம், இப்போது 31ஆம் அதிகாரத்தை 30ஆம் தேதியே சேர்த்து வாசித்துவிடுகிறேன். ஞானம் கண்டெடுக்கப்படுவது எங்கே என்று யோபு 28ஆம் அதிகாரம் கேட்கிறது. மனிதன் மலையைக் குடைந்து வெள்ளி எடுக்கிறான், பொன் எடுக்கிறான், இது மட்டும் எந்தச் சுரங்கத்திலும் அகப்படவில்லை என்று சொல்லிக்கொண்டே போகும் அதிகாரம் அது. ஒரு நாள் பெட்டிக்குள் அடங்கும் வரியில் அகப்படும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

ஆனாலும் உங்கள் பெட்டியை நிறுத்தச் சொல்லவில்லை. காலையில் வண்டியிலும் டீக்கடையிலும் அதைப் படிக்கிற எத்தனையோ பேர் வேதப்புத்தகத்தைக் கையில் எடுக்கப்போவதில்லை. அவர்களுக்கு அந்த இரண்டு வரிதான் பைபிள். அதனால் ஒரு வேண்டுகோள். அதிகாரம், வசன எண் போடுங்கள். யார் யாரிடம் சொன்னது என்று அரை வரி சேருங்கள். எரேமியா 29:11 நீங்கள் அடிக்கடி போடுவது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று வரும். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அதற்கு முந்தின வசனம், எழுபது வருஷம் கழித்துத்தான் திரும்புவீர்கள் என்கிறது. கடிதம் கேட்டவர்களில் பெரியவர்கள் ஊர் திரும்பியிருக்க வழியில்லை. அது தெரிந்தால் வசனத்தின் மதிப்பு குறைந்துவிடுமா? எனக்குக் கூடத்தான் செய்கிறது. "எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று அழகர்கோயில் ரோட்டில் என்னை உரசிக்கொண்டு முந்திப் போகும் ஷேர் ஆட்டோவின் முதுகில் எழுதியிருக்கிறது. பவுல் அதைக் கட்டுண்டு கிடந்த இடத்திலிருந்து எழுதினார். முந்தின வரியில் பசியாயிருக்கவும் குறைவுபடவும் கற்றுக்கொண்டேன் என்கிறார். முந்திப் போவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொன்று. ஆண்டுக்கு நாலைந்து முறையாவது முறையிடுகிற வசனம் ஒன்றைப் போடுங்கள். சங்கீதம் 88 இருக்கிறது. மற்ற புலம்பல் சங்கீதங்கள் கடைசியில் எப்படியாவது துதிக்குத் திரும்பிவிடும். இது இருளிலேயே முடிகிறது. அதில் 14ஆம் வசனம் போதும்: "கர்த்தாவே, நீர் என் ஆத்துமாவைத் தள்ளிவிட்டு, உமது முகத்தை எனக்கு மறைக்கிறதென்ன?" காலங்காத்தாலே இதையா என்று சில வாசகர்கள் கோபித்து எழுதுவார்கள். என் அக்காவே எழுதினாலும் எழுதுவாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பழைய பேப்பரை விரித்து அதன்மேல் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவர், இதைக் கேட்கவும் வேதத்தில் இடம் இருக்கிறதா என்று இரண்டாம் தடவை வாசிப்பார். அவருக்காகப் போடுங்கள்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் இல்லையென்றால் என் வீட்டுக் கதையை வெட்டிக்கொள்ளுங்கள். வசன எண்களை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
பூ மார்க்கெட் கணக்குப்பிள்ளை ஒருவர்,
கே.புதூர், மதுரை - 7